பத்தும் சொல்லி முடிக்கும் வரை

ஆலை டேங்குக்குள் ஆள் இறங்குகிற வாசலில் நிற்கிறவனுக்குப் பெரிய கைவேலை எதுவும் கிடையாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே இறங்கியவன் கசடை வாரி வாளியில் கொட்டுவான், வேர்த்து ஊற்றுவான். வாசல்காரன் மேலே காற்றோட்டமாக நிற்பான். அதனால்தான் டேங்க் சுத்தம் செய்கிற வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகள் எல்லாரும், "எனக்கு வாசல் வேலை கொடுங்க" என்று கேட்கிறீர்கள். மணலிப் பக்கத்து ஆலைகளில் இருபது வருடத்துக்கு மேல் அந்த வாசலில் நின்றவன் சொல்கிறேன், இறங்குகிறவன் வேலை அதைவிட எளிது.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகியதெல்லாம் பர்மிட் தாளிலும் கோயிலில் கொடுக்கிற ஜெபப் புத்தகத்திலும்தான். புது ஆட்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி ஆபீஸில் சொன்னபோது ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. தப்பாக எதையாவது எழுதி, அதை நம்பி யாராவது இறங்கிவிட்டால்? வீட்டைப் பூட்டிவிட்டு ராயபுரம் பாலம் வரை நடந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். எனவே உள்ளே விஷக் காற்று இருக்கிறதா என்று காட்டுகிற மீட்டர், இறங்க அனுமதி தருகிற பர்மிட் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதை உங்களுக்கு வகுப்பில் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள். நான் எழுதுவது பர்மிட் தாளில் கட்டம் போடாத ஒரு விஷயம்.

என்னை வாசலில் நிறுத்தியவர் எங்கள் பழைய மேஸ்திரி. "இவன் பயந்தாங்கொள்ளி. இவனை மேல நிறுத்து. பயப்படறவன் தூங்க மாட்டான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. அன்று முதல் என் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்ததில்லை. மீட்டரை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் இறக்கிப் பார்ப்பேன். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் பார்ப்பேன். குடி கிடையாது, பீடி கிடையாது. ஞாயிறு பூசை தவறியது கிடையாது. சட்டைப் பையில் பத்துக் கட்டளைகள் அச்சடித்த சின்ன அட்டை ஒன்று இருக்கும். புதுநன்மை, அதாவது பூசையில் முதல்முறை அப்பம் வாங்கிய வருடம் கோயிலில் கொடுத்தது, ஓரமெல்லாம் நைந்து போனது. உள்ளே ஆள் இருக்கும்போது நெஞ்சு படபடக்கும். அந்தப் பத்தையும் ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லுவேன். படபடப்பு கொஞ்சம் அடங்கும்.

இதை முதலில் கவனித்தவன் ஏழுமலை. வியாசர்பாடிக்காரன். பந்து விளையாட்டில் கோல்கீப்பர். எங்கள் கூட்டத்தில் இறங்குவதற்கு அவனைவிட நல்ல ஆள் கிடையாது. வாயும் அப்படித்தான்.

"இன்னா நைனா, வாய் அசைஞ்சிகினே கீது? காண்டிராக்டரைத் திட்டிக்கினு கீறியா?"

"திட்டல. பத்துக் கட்டளை சொல்றேன்."

"அப்டின்னா?"

சொன்னேன். கொலை, களவு, பொய்ச் சாட்சி என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு கேட்டான்.

"சரி, இதுல நீ எத்தினி பண்ணிக்கீற?"

"ஒண்ணுகூட இல்ல."

"ஒண்ணுகூட இல்லியா?" அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "அப்பால இன்னாத்துக்கு நைனா உனக்கு இம்மாம் பயம்?"

அன்றிலிருந்து என் பெயர் போய்விட்டது. எல்லாருக்கும் நான் 'கட்டளை' ஆகிவிட்டேன்.

எங்கள் வேலையில் கயிறுதான் பேச்சு. மேலேயிருந்து குழாயில் காற்று வருகிற முகமூடியைப் போட்டு இறங்கியவன் குரல் மேலே கேட்காது. ஒரு தரம் இழுத்தால் நன்றாக இருக்கிறேன் என்று பொருள். மூன்று தரம் இழுத்தால் என்னைத் தூக்கு என்று பொருள். ஏழுமலை ஒரு நாள் மூன்று தரம் இழுத்தான். நான் பதறிப்போய், கயிற்றோடு ஆளைத் தூக்குகிற வின்ச்சைச் சுற்றினேன். வாசலில் அவன் தலை வந்தது. முகமூடிக்குள் சிரிப்பு.

"பயந்துட்டியா கட்டளை? சும்மா உன்னைப் பாக்கணும்னு தோணிச்சு. அதான்."

அடுத்த வாரம் மறுபடியும் அதையே செய்தான். இந்த முறை டீக்கடையில் எல்லார் முன்னாலும் நான் வின்ச் சுற்றுவதை நடித்துக் காட்டினான், வாயில் கட்டளை முணுமுணுப்பதையும் சேர்த்து. டீக்கடைக்காரர்கூட அடுப்பை விட்டு வந்து பார்த்துச் சிரித்தார். நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.

"இன்னொரு தபா இப்டி இழுத்த, நான் தூக்க மாட்டேன்."

"தூக்குவே. தூக்காம இருக்க உன்னால முடியாது மாமு."

அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் முறை. ஆபத்து அறிகுறியை வைத்து விளையாடுகிறவனை அன்றைக்கே இறக்காமல் நிறுத்த வேண்டும். நான் சொல்லவில்லை. கூட வேலை செய்கிறவனைக் காட்டிக்கொடுக்காத நல்லவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. சொல்லிவிட்டால் என் கோபம் தீர்ந்துவிடும். அது தீர எனக்கு மனமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனேன், பூசைக்குக் கொண்டுபோனேன், அதோடே நன்மையும் வாங்கினேன். இந்த இடத்தைத் திரும்பப் படியுங்கள் தம்பிகளே. நான் செய்த தவறு டேங்க் வாசலில் தொடங்கவில்லை. இங்கேதான் தொடங்கியது.

அந்த நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. செங்குத்தான டேங்க், மேலே வாசல். தாளில் எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தேன். மீட்டர் மூன்று இடத்திலும் சுத்தம் காட்டியது. ஏழுமலை பெல்ட்டை மாட்டி, முகமூடிக்குக் காற்று வருகிறதா என்று பார்த்து, எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு இறங்கினான். கொஞ்ச நேரத்தில் மூலைப் பக்கம் போய்விட்டான். மேலிருந்து பார்த்தால் அவன் விளக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. கூட இருந்த இரண்டு பேர் கீழே தரையில் வாளிகளைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

கயிறு மூன்று தரம் இழுபட்டது.

கை தானாக வின்ச் பிடிக்குப் போனது. போனதை நிறுத்தினேன். டீக்கடையில் சிரித்த முகங்கள் கண் முன்னால் வந்தன. இருக்கட்டும், இன்றைக்கு நானும் விளையாடுகிறேன் என்று நினைத்தேன். பத்தும் சொல்லி முடிக்கிறேன், அதற்குப் பிறகு தூக்குகிறேன். அதுவரை அவன் பயப்படட்டும்.

சொன்னேன். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது கட்டளை கொலை செய்யாதே. அதையும் சொன்னேன். நாக்கு எங்கும் தடுக்கவில்லை. ஆறாவதுக்குப் போனேன். எட்டாவது சொல்லும்போது கையிலிருந்த கயிறு மெல்லத் தளர்ந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஒன்பதையும் பத்தையும் அவசர அவசரமாகச் சொன்னேன், ஆனால் முடித்துவிட்டுத்தான் வின்ச்சைத் தொட்டேன்.

கனமாக வந்தான். சும்மா வருகிறவன் காலால் உந்தி உதவுவான். அவன் மூட்டை மாதிரி வந்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முகமூடி மோவாய்க்குக் கீழே தொங்கியது. நான் கத்தினேன். கீழே இருந்த இருவரும் ஏறி ஓடி வந்தார்கள். மூவருமாக அவனைக் கிடத்தி, மூச்சுக் கொடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ செய்தோம். வண்டியில் ஏற்றும்போது அவன் இருமினான். அந்த இருமல் சத்தத்துக்கு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிழைத்தான். நெஞ்சு மட்டும் பழைய நெஞ்சாக வரவில்லை. மைதானத்தில் பாய்ந்து பந்து பிடிப்பது அதோடு முடிந்தது.

மூன்றாம் நாள் விசாரணை. காண்டிராக்டரும் ஆலையின் சேஃப்டி அதிகாரியும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை.

"கயிறு இழுத்தாரா?" என்று அதிகாரி கேட்டார்.

"இழுத்தான் சார். மூணு தடவ."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"உடனே தூக்கினேன் சார்."

அந்த 'உடனே' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் தயாராக இருந்தது. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஏழுமலை ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பியது வேறு. காற்றுக் குழாய் உள்ளே எங்கோ மடங்கிக் காற்று நின்றுவிட்டது, மூச்சு முட்டி முகமூடியைக் கழற்றினேன், கழற்றிய கையோடு கயிற்றை இழுத்தேன் என்றான். குழாய் மேலே வரும்போது நேராகத்தான் வந்திருந்தது. இழுத்ததுமே தூக்கியும் அவன் நினைவில்லாமல் வந்தான் என்றால், முன்பே முகமூடியைக் கழற்றி விளையாடியிருக்கிறான் என்று முடிவு செய்தார்கள். கயிறு இழுத்துக் கேலி செய்கிறவன் என்று சாட்சி சொல்ல டீக்கடையே இருந்தது. அவன் கேட் பாஸை ரத்து செய்தார்கள். அந்த ஆலையில் ரத்தானால் அந்தப் பக்கத்தில் வேறு எந்த ஆலையிலும் நுழைய முடியாது. எனக்குப் பாதுகாப்பு வாரத்தில் சால்வை போடுவதாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்கு, ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லப் போனேன். வாராவாரம் போகிறவன், ஆகவே பட்டியல் தயாராக இருந்தது. ஜெபத்தில் பராக்கு, வீட்டில் எரிந்து விழுந்தது. அதோடு, "கோபப்பட்டேன் ஃபாதர்" என்றும் சேர்த்தேன். புதிதாக வந்திருந்த ஃபாதர், என்னைவிடப் பத்து, பதினைந்து வயது சின்னவர்.

"யார் மேல கோபம்?"

"கூட வேலை செய்ற ஒருத்தன் மேல."

"அவர் இப்ப எப்படி இருக்கார்?"

விசாரணையில் நேரம் கேட்டார்கள், கையெழுத்துக் கேட்டார்கள். இதை என்னிடம் யாருமே கேட்கவில்லை. எல்லாம் கொட்டியது. கயிறு, எண்ணிக்கை, 'உடனே' எல்லாம். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமத் தொடங்கிவிட்டார்கள்.

"ஃபாதர், வாயில கட்டளை சொல்லிக்கினே நின்னேன். அப்படி இருந்தும் இது எப்படி உள்ள வந்துச்சு?"

"உங்க வேலையில, உள்ள கேஸ் இருக்குன்னு மீட்டர் காட்டினா என்ன பண்ணுவீங்க? மீட்டரையே திரும்பத் திரும்ப இறக்குவீங்களா?"

"இல்ல ஃபாதர். அதனால கேஸ் போகாது. புளோயர் வச்சு வெளிக்காத்து விடணும்."

"உள்ள இருக்கிற காத்தே உள்ளத சுத்தம் பண்ணாதா?"

"அது எப்படிங்க பண்ணும்?"

நான் சொன்ன பதில் என் காதிலேயே விழட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு பாவமன்னிப்பு கொடுத்தார். பரிகாரமாக ஜெபம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. "நீங்க சொன்ன ஒரு வார்த்தையால அவர் பிழைப்பு போகுது. போய் அந்த வார்த்தையைத் திரும்ப எடுங்க" என்றார்.

கோயிலை விட்டு வெளியே வந்து நடையில் உட்கார்ந்தேன். நமக்குத் தெரியும், கனமான கேஸ் அடியில்தான் கிடக்கும். வாசலில் மட்டும் மீட்டரைக் காட்டினால் சுத்தம் என்றுதான் சொல்லும். அடியில் காட்டினாலும் போதாது. கசடுக்குள் அடைந்திருப்பது கிளறினால்தான் மேலே வரும். நாற்பது வயது தாண்டும்வரை நான் என் வாசலில் மட்டும் மீட்டரைப் பிடித்து, "ஒண்ணுகூட இல்ல" என்று படித்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை கிளறினான், வந்துவிட்டது. சகோதரன் மேல் சினம் வைத்திருக்கிறவனும் அந்த ஐந்தாம் கட்டளைக்குத் தப்பவில்லை என்று ஆண்டவர் சொன்னதை எத்தனை பூசையில் கேட்டிருப்பேன். கட்டளை பொய் சொல்லவில்லை. அது காட்டத்தான் செய்யும். கழுவுகிற வேலை அதனுடையது அல்ல. காற்று வெளியிலிருந்து வர வேண்டும்.

வந்ததா என்று கேட்பீர்கள். நான் தைரியசாலி ஆகிவிடவில்லை. மறுநாள் வியாசர்பாடிக்குப் பேருந்தில் போகும்போது கம்பியைப் பிடித்த கை வழுக்கியது. ஆனால் ஒன்று கவனித்தேன். அத்தனை வருடமும் நான் பயந்ததெல்லாம் எனக்காகத்தான், என் பெயருக்கு, என் தாளுக்கு, என் கையெழுத்துக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவனுக்காகப் பயந்தேன். இனி அவன் எந்த ஆலை கேட்டில் போய் நிற்பான் என்றே வழியெல்லாம் யோசித்தேன். அந்தப் பயத்தை நான் வரவழைக்கவில்லை. என்னிடம் அதற்கான சரக்கு இல்லை. கொடுக்கப்பட்டது.

போர்டு குடியிருப்பில் அவன் வீடு மூன்றாவது மாடி. முந்தின நாள்தான் அவனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அவன் மனைவி கதவைத் திறந்தாள்.

"வாண்ணா, உக்காரு. உன் கையாலதான் இந்தாளு உசுரோட வந்தாரு."

டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஏழுமலை கட்டிலில் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னா கட்டளை, சால்வை போடறாங்களாமே. எனக்குப் பாதி கிழிச்சிக் குடு" என்றான். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

நான் சொன்னேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். முடித்தபோது அவன் மனைவி என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாதி டீ அதில் இருந்தது.

ஏழுமலை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்துமா சொன்ன?"

"பத்தும்."

"உள்ள காத்து நின்னப்ப எனக்குப் பயமே வரல, தெரியுமா உனக்கு? மேல கட்டளை நிக்கிறான், அவனால தூக்காம இருக்க முடியாதுன்னு நெனச்சிகினுதான் சாஞ்சேன்."

"மன்னிச்சிடு ஏழுமலை."

"போய் ஆபீஸ்ல சொல்லு. மத்தது அப்பால பாக்கலாம்."

அதற்குமேல் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே ஆபீஸ் வாசலில் நின்றேன். காண்டிராக்டர் முதலில் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் என்னை ஓரமாக இழுத்துப்போனார்.

"யோவ், பேப்பர் எல்லாம் க்ளீனா கீது. எதுக்குய்யா நோண்டுற? அவனோட சேத்து உன் பாஸும் பூடும். உன்னால என் காண்டிராக்டும் பூடும். போயி சாமி கும்புடுற எடத்துல சொல்லிக்கோ."

"அங்க சொல்லிட்டுத்தான் சார் வர்றேன்."

உள்ளே போனோம். சேஃப்டி அதிகாரி பழைய தாளை எடுத்து முன்னால் வைத்தார். நான் அதில் இருந்த 'உடனே' மேல் விரலை வைத்தேன்.

"இது பொய் சார். நான் நின்னேன். அவன் மேல இருந்த கோபத்துல நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"பத்துக் கட்டளை சொல்ற நேரம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்படியெல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாது. அன்னிக்குச் சொன்ன மாதிரியே இப்ப சொல்லுங்க" என்று போனை எடுத்து நேரம் பார்க்கத் தயாரானார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். நான்கு வரை வந்தேன். ஐந்தாவது வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, வார்த்தை வரவில்லை. ஆயிரக்கணக்கான தடவை சொன்னது. அன்றைக்கு வாசலில் எங்கும் தடுக்காமல் ஓடிய நாக்கு அந்த மேஜை முன்னால் நின்றுவிட்டது. காண்டிராக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். "போதும். எழுதிக் கொடுங்க" என்றார்.

என் எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கும். நான்கே வரி எழுத அரை மணி ஆனது.

அதன் பிறகுதான் காற்றுக் குழாயை மறுபடி எடுத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். ஓரிடத்தில் மடங்கி வெடித்த தடம் இருந்தது. ஏழுமலைக்கு கேட் பாஸ் திரும்பக் கிடைத்தது. இனி அவன் டேங்கில் இறங்கக் கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டதால், அவனை வாசலில் நிறுத்தினார்கள். நான் சில மாதம் வெளியே இருந்தேன். திரும்ப எடுத்துக்கொண்டபோது, இந்த ஆளை வாசலில் நிறுத்தக் கூடாது என்று குறிப்பு வைத்தார்கள். அது சரியான முடிவு. யாரிடமும் நான் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. சட்டைப் பையில் அந்த அட்டையை இப்போதும் வைத்திருக்கிறேன். படபடப்பு அடங்க அதைச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன்.

ஏழுமலை என்னோடு பேசினான். வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. கேலி இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

ஒரு வருடம் போயிருக்கும். எண்ணூர்ப் பக்கம் ஒரு வேலை. இறங்க வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் இறங்குவதற்கான பயிற்சி முடித்திருந்தேன், ஆனால் ஒரு தரமும் இறங்கியதில்லை. வாசலில் கயிற்றோடு நின்றவன் ஏழுமலை.

அவனே என் பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். கொக்கியை மாட்டினான். முகமூடியை என் முகத்தில் வைத்துக் காற்று வருகிறதா என்று சைகையில் கேட்டான். நான் தலையாட்டினேன்.

"எறங்கு கட்டளை. நான் கீறேன்" என்றான்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர்.

இறங்கினேன். உள்ளே போனதும் என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. சுவர் நெருங்கி வருகிற மாதிரி இருந்தது. காற்று நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது, குழாய் நேராகத்தான் இருந்தது, ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நான் கயிற்றை இழுத்தேன். ஒன்று. இரண்டு. இது பொய்யான இழுப்பு, அவனுக்கும் தெரியும், இப்போது அவன் எண்ணலாம், எண்ணுவதற்கு அவனுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது என்று மனது சொன்னது.

மூன்றாவதை இழுத்து முடிக்கவில்லை. அதற்குள் கயிறு விறைத்தது. கால் தரையை விட்டு எழும்பிவிட்டது.

வாசலுக்கு வெளியே வெயில். ஏழுமலைக்கு மேல்மூச்சு வாங்கியது. அந்த நெஞ்சோடு அவ்வளவு வேகமாகச் சுற்றியிருக்கிறான். என் முகமூடியைக் கழற்றினான்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பயந்துட்டேன்."

டீக்கடையில் ஒரு மாதம் சொல்லிச் சிரிக்கலாம், அவ்வளவு நல்ல கதை. அவன் சிரிக்கவில்லை. பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தான். நான் குடித்து முடிக்கும்வரை கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மறுபடி எறங்கிறியா?"

"இறங்குறேன்."

"எறங்கு. நான் கீறேன்."